கண்ணாடிக்கு முன்னால் நின்ற ஆள்

ரேடியோக் கடையில் விற்பனைக்கு நிற்கிறவனுக்கு முதலில் கால் தேயும், அப்புறம் குரல் தேயும். கண் தேய்வதை அவன் கவனிப்பதில்லை. இங்கே எழுதப்போவதை முப்பது வருஷத்துக்கும் மேலாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் நடுவில் ஒரு இடம் வரும். எனக்கே அது சரிதானா என்று சந்தேகம் தட்டும். குரலைக் கொஞ்சம் உயர்த்தி வேகமாகத் தாண்டிவிடுவேன். கேட்டவர்கள் யாரும் அந்த இடத்தில் என்னை நிறுத்தியதில்லை. கடையில் நின்று பிழைத்தவர்கள் இதைப் படித்தால் நிறுத்துவார்கள் என்று நினைக்கிறேன். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நடந்து வந்தவர்

எங்கள் கடை மேல வெளி வீதியில் இருந்தது. டிரான்சிஸ்டர், டேப் ரிக்கார்டர், அப்போது புதிதாக வந்திருந்த, ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன் எல்லாம் விற்றோம். தெருவைப் பார்த்த ஷோகேஸ் ஆறடி அகலக் கண்ணாடி. ஷட்டரை இறக்கினாலும் கண்ணாடி வெளியேதான் இருக்கும். சாயங்காலம் வாசல் ஸ்பீக்கரில் சிலோன் ரேடியோவைப் போட்டுவிட்டால் பஸ்ஸுக்குப் போகிறவர்கள் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். வாங்க மாட்டார்கள். கண்ணாடியில் நெற்றியை முட்டுக்கொடுத்துக் கேட்பார்கள். தினம் காலையில் அந்த நெற்றித் தடங்களைத் துடைப்பது என் வேலை. எண்ணெய்த் தடம், திருநீற்றுத் தடம், சிலசமயம் மூக்குத் தடம்.

ஒருநாள் பாட்டு நேரத்தில் கரண்ட் போய்விட்டது. தினமும் வந்து நிற்கிற வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் உள்ளே வந்து என்னைக் கடிந்துகொண்டார். அவர் எங்களிடம் ஒரு பியூஸ்கூட வாங்கியதில்லை. "கரண்ட் போனா நாலு செல்லைப் போட்டு வைக்கக் கூடாதா தம்பி? நான் இந்தப் பாட்டுக்காக செல்லூர்ல இருந்து நடந்து வாரேன்."

வேட்டுச் சத்தம்

கண்ணாடி முதல்முறை உடைந்தது பட்டப்பகலில். ஏதோ ஒரு கட்சி ஊர்வலம் வந்தது. ஊர்வலம் என்றால் எல்லாக் கடைக்காரர்களும் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பது வழக்கம். நாங்களும் உட்கார்ந்திருந்தோம். முதலாளி, என்னைவிடப் பதினைந்து வயது மூத்த சேல்ஸ்மேன் குருசாமி அண்ணன், நான், கூடவே டேப் வாங்க வந்து மாட்டிக்கொண்ட பசுமலை டீச்சர் ஒருவர். வெளியே சரவெடி. அந்தச் சத்தத்தோடு சத்தமாக யாரோ கல்லை விட்டெறிந்து, இரண்டு டூ-இன்-ஒன்னை எடுத்துக்கொண்டு கூட்டத்தில் கலந்துவிட்டார்கள். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு தகரம்தான். நாங்கள் சோடா குடித்துக்கொண்டிருந்தோம்.

அந்த டீச்சர் மட்டும் காதைச் சாய்த்துக் கேட்டார். வெடிதான் என்று குருசாமி அண்ணன் உறுதியாகச் சொன்னார். நானும் தலையாட்டினேன். டீச்சர் அரைமனதோடு சொன்னது: "வெடின்னா டமார்னுதானே கேட்கணும்? இது கலகலன்னு உதிருதே தம்பி."

உள்ளே செங்கல்

அதற்குப் பிறகு முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. ஷோகேஸில் இனி நல்ல செட் எதுவும் வைக்கக் கூடாது. எங்கள் மெக்கானிக் ஜப்பார் பாய், ரிப்பேர் பார்க்கவே முடியாமல் கிடந்த செட்டுகளின் குடலை உருவிவிட்டு, வெறும் கூட்டைத் துடைத்துப் பளபளப்பாக்கிக் கொடுத்தார். ஃபேன் காற்றில் சாய்ந்துவிடாமல் இருக்க உள்ளே ஆளுக்கொரு அரைச் செங்கல். வெளியிலிருந்து பார்த்தால் ராஜா மாதிரி இருக்கும். பின்பக்கம் கடையின் பெயரும் விலாசமும் போட்ட ஸ்டிக்கர்.

இதனால் எனக்கு வந்த கஷ்டம் வேறு. மனிதர்கள் ஷோகேஸில் இருப்பதைத்தான் கேட்பார்கள். உள்ளே அதே மாடல் பெட்டி பிரிக்காமல் இருக்கிறது என்றால் நம்பமாட்டார்கள். மேலூர்க்காரர் ஒருவர் அந்தச் செங்கல் ரேடியோவைத்தான் வேண்டுமென்று ஒருமணி நேரம் நின்றார். கடைசியில் வேறொன்றை வாங்கிக்கொண்டு போகும்போதும் மனம் ஆறவில்லை. "நல்லதை எல்லாம் கண்ணாடிக்குள்ள வச்சுக்கிட்டு, எங்க தலையில சொத்தையைக் கட்டுறீகளேண்ணே."

டீக்கடையில் தேறிய ஆள்

ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் கண்ணாடி மறுபடியும் இல்லை. ஈரச்சாக்கைப் போர்த்தி உடைத்திருந்தார்கள். மூன்று செங்கல் ரேடியோ போயிருந்தது. முதலாளிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. போனது கூடுதான், ஆனால் கண்ணாடி நிஜக் கண்ணாடி. எஸ்.ஐ. வந்து பார்த்துவிட்டு, முந்தின நாள் சாயங்காலம் சந்தேகப்படும்படி யாராவது நின்றார்களா, யோசித்து மத்தியானத்துக்குள் சொல்லுங்கள் என்றார். யோசிப்பதற்காக நானும் குருசாமி அண்ணனும் எதிர் டீக்கடைக்குப் போனோம்.

இதுதான் நான் வேகமாகத் தாண்டும் இடம். அங்கே பேசியது அப்படியே நினைவிருக்கிறது.

"நேத்து ஒருத்தன் ரொம்ப நேரமா நின்னான்ல?"

"ஆமா, நின்னான்."

"தோள்ல துண்டு."

"சிவப்புத் துண்டு."

"தாட்டியான ஆளு. செருப்பு இல்ல."

"கண்ணாடியவே பாத்துக்கிட்டிருந்தான். பாட்டுக் கேக்கல."

இதில் எதை அவர் சொன்னார், எதை நான் சொன்னேன் என்று பிரிக்க முடியவில்லை. சொற்கள் இருக்கின்றன, குரல்கள் இல்லை. மத்தியானம் எஸ்.ஐ.யிடம் நான் சொன்னது மட்டும் தெளிவாகத் தெரியும்: குருசாமி அண்ணன் அந்த ஆளைப் பார்த்து எனக்குச் சுட்டிக்காட்டினார், அப்புறம் நானும் பார்த்தேன். அன்றிலிருந்து இந்த வாக்கியம் மாறியதே இல்லை. டீ ஆற்றியபடி எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த கடைக்காரர் மட்டும் கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு பேரும் ஒரே ஆளத்தான் பாத்தீகளா? நீங்க சொல்றதப் பாத்தா மூணு பேரு தேறும் போலயே."

பாடாத ரேடியோ

பத்து நாள் கழித்து ஒருவர் துணிப்பையிலிருந்து ஒரு ரேடியோவை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். பெயர் பெரியகருப்பன். பரவைச் சந்தையில் மூட்டை இறக்குகிறவர். ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜ் வாசலில், ஊருக்குப் போகிறேன், சுமக்க முடியவில்லை என்று சொன்ன ஒரு ஆளிடம் வாங்கினாராம். செல் போட்டால் பாடும் என்று அந்த ஆள் சொல்லியிருக்கிறான். நாலு செல் போட்டும் பாடவில்லை. பின்னால் ஒட்டியிருந்த விலாசத்தை ஊரில் யாரோ படித்துச் சொல்ல, அதைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். அதோடு, ரேடியோ வைத்திருக்க அப்போது கட்டாயமாக இருந்த லைசென்ஸைப் போஸ்ட் ஆபீஸில் எடுக்க ஒரு பில்லும் வேண்டும் என்றார்.

ஜப்பார் பாய் மூடியைக் கழற்றினார். உள்ளே செங்கல். அவர் அதை இரண்டு கையாலும் எடுத்து மேஜைமேல் வைத்து, "இந்த வியாதிக்கு எங்கிட்ட மருந்து இல்லண்ணே" என்றார். பெரியகருப்பனும் செங்கல்லைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "கனமா இருந்துச்சா, அசல் ஜாமான்னு நெனச்சுப்புட்டேன்." அதற்குள் முதலாளி ஸ்டேஷனுக்கு போன் பண்ணியிருந்தார். ரிசீவரை வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "அன்னைக்கு நின்னது இவனாய்யா?"

பெரியகருப்பன் தோளில் துண்டு இருந்தது. வெள்ளையாக இருந்து மங்கிப்போன துண்டு. காலில் செருப்பு இல்லை. திருடியவன் திருடிய கடைக்கே ரிப்பேருக்கு வருவானா என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. குருசாமி அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு தலையும் ஒரே நேரத்தில் ஆடின. பெரியகருப்பன் இன்னும் முழுசாகச் சிரிப்பை நிறுத்தவில்லை. "என்னைய எங்கண்ணே பாத்தீக? நான் இந்தத் தெருவுக்கே இன்னைக்குத்தான் வாரேன்."

எம்புட்டு நேரம்

போலீஸ் அவரைக் கூட்டிக்கொண்டு போன மூன்றாம் நாள் ஒரு அம்மாள் வெகுநேரமாகக் கண்ணாடிக்கு வெளியே நின்றார். பாட்டுக் கேட்கிறவர் என்று நினைத்து நான் கவனிக்கவில்லை. அப்புறம் உள்ளே வந்து, நான்தான் பெரியகருப்பன் சம்சாரம் என்றார். சத்தம் போடவில்லை. கவுண்டரில் இருந்த ரேடியோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"நீங்கதான் பாத்ததா?"

"குருசாமி அண்ணன் பாத்தாரு. அவரு காட்டி நானும் பாத்தேன்."

"எம்புட்டு நேரம் பாத்தீக?"

நான் யோசித்தேன். ஒரு நிமிஷம் என்று சொல்லலாமா, ஒரு பாட்டு நேரம் என்று சொல்லலாமா? உண்மையில் எனக்கு எந்த நேரமும் நினைவுக்கு வரவில்லை. அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினார். வாசலில் திரும்பி நின்று சொன்னார்: "பதினோரு வருசமா நான் பாத்துக்கிட்டிருக்கேன். என்னைய யாரும் கேக்கல."

பரவையில் ஒரு மொட்டைமாடி

கோர்ட்டில் கேட்டபோதும் அதே வாக்கியத்தைச் சொன்னேன். குருசாமி அண்ணன் எனக்கு முன்னால் சாட்சி சொன்னார். அப்போது நான் வெளியே இருந்ததால் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. மூன்று மாதம் தண்டனை. லாட்ஜ் வாசலில் வாங்கினேன் என்று பெரியகருப்பன் கடைசிவரை சொன்னார். வாங்கினவரைத் திருடினவராக ஆக்கியது எங்கள் இரண்டு வாய்தான். அவர் உள்ளே இருந்த காலத்தில் எங்கள் தெருவிலேயே இன்னொரு கடையில் அதே மாதிரி ஈரச்சாக்கைப் போர்த்திக் கண்ணாடியை உடைத்தார்கள். இவனுக்குக் கூட்டாளி இருப்பான் என்று முதலாளி சொன்னார். எனக்கு அது வசதியாக இருந்தது. நானும் அப்படியே சொல்லிவந்தேன்.

சில வருஷம் கழித்து டி.வி. வந்தது. உயரமாக பைப் நட்டு, ஏரியல் கட்டி, பூஸ்டர் வைத்துக் கொழும்பு நிகழ்ச்சிகளைப் பிடித்துக்கொண்டிருந்த காலம். ஏரியல் கட்ட ஒருநாள் பரவைக்குப் போனேன். மொட்டைமாடியில் பைப்பைத் திருப்பிக்கொண்டே, கீழே நின்று படம் தெரிகிறதா என்று சொல்லிக்கொண்டிருந்த வீட்டுக்காரரிடம் பெரியகருப்பனைப் பற்றிச் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். ஏன் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. "குடும்பத்தோட திருப்பூர் போயி ரொம்ப நாளாச்சுங்க. ஊர்ல ஒரு கோழி காணாமப் போனாலும் மொதல்ல அவரு வீட்டுக்குத்தான் போனாக, பெறகு மனுசன் எப்படி இருப்பாரு? கொஞ்சம் தெக்கால திருப்புங்கண்ணே, புள்ளி புள்ளியா வருது."

பசுமலையில்

போன மாதம் குருசாமி அண்ணனைப் பார்க்கப் பசுமலைக்குப் போனேன். எழுபது தாண்டிவிட்டது. முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு நாற்காலியில் இருந்தார். அவருடைய மருமகன் ஊரிலிருந்து வந்திருந்தார். என்னை அவருக்கு அறிமுகம் செய்யும்போது அண்ணன் உற்சாகமாகிவிட்டார். பழைய கடை, செங்கல் ரேடியோ, ஜப்பார் பாய் எல்லாம் வந்தது. மருமகன் நன்றாகச் சிரித்தார். அப்புறம் பேச்சில் பெரியகருப்பன் வந்தார்.

"அந்தத் திருடனப் பிடிச்சுக் குடுத்தது யாருங்கிறீங்க? நம்ம தம்பிதான்," என்று என் முதுகில் தட்டினார் அண்ணன். "நான் உள்ள பில் போட்டுக்கிட்டிருந்தேன், எனக்கு என்ன தெரியும்? இவன்தான் பாத்துட்டு வந்து சொன்னான். இவன் சொன்ன பெறகுதான் எனக்கும் ஞாபகம் வந்துச்சு. கோர்ட்லயும் அப்படித்தான் சொன்னேன், தம்பி காட்டினான், நானும் பாத்தேன்னு."

அவர் பொய் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நான் இத்தனை வருஷம் என்ன நிம்மதியோடு அவர் பெயரைச் சொல்லிவந்தேனோ, அதே நிம்மதியோடு அவர் என் பெயரைச் சொல்லிவந்திருக்கிறார். மருமகன் என்னை மரியாதையாகப் பார்த்தார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. மருமகன் எழுந்து உள்ளே போகும்வரை காத்திருந்தேன்.

இரண்டு சாட்சிகள் என்று கோர்ட்டில் எழுதிக்கொண்ட நாங்கள், ஒருவர் கண்ணை ஒருவர் இரவல் வாங்கி, கடைசியில் ஒரு கண்ணுக்குக்கூடத் தேறவில்லை. நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டேன்:

"அண்ணே, நான் நீங்க காட்டித்தாண்ணே பாத்தேன். அப்ப அந்த ஆள யாருதாண்ணே பாத்தது?"