மாமாவின் உள்ளங்கால்

எலும்பு முறிவு வார்டில் தலைமைச் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மரத்திலிருந்து விழுந்தவரை எப்படித் தூக்க வேண்டும் என்று யாரும் கேட்காமலே வகுப்பெடுப்பேன். சொந்தக்காரர்கள் என்னைக் கண்டு ஒதுங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்போது எனக்கு ஏழு வயது. அகரத்தில் எங்கள் புளியமரத்தை உலுக்க ஏறிய மாமா, கிளை முறிந்து, உட்கார்ந்த வாக்கில் தரையில் விழுந்தார். அப்படியே மல்லாந்துவிட்டார். முதலில் ஓடிப்போனது நான்தான். எங்களுக்குள் ஒரு போட்டி உண்டு. அவர் உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டுவேன். காலை இழுக்காமலிருந்தால் அவர் ஜெயித்ததாகக் கணக்கு. ஒருநாளும் ஜெயித்ததில்லை. விளையாட்டுக்குத்தான் விழுந்து கிடக்கிறார் என்று நினைத்து அன்றும் விரலை வைத்தேன். காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"ஏ கழுதை, கூசுதுடி!"

அதற்குள் அப்பாவும் சித்தப்பாவும் வந்துவிட்டார்கள்.

"அத்தான், செத்த நேரம் இப்படியே கெடக்கேன். இடுப்புக்கு மேல உயிர் போகுது."

"கெடந்து என்ன, அடையா காக்கப் போற? எந்திரி மாப்ள, ஒரு சோடா குடிச்சாச் சரியாயிரும்," என்றார் அப்பா.

முதுகெலும்பு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எலும்புகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் பாரம் தாங்கும் உருளை. பின்னால் ஒரு வளையம். வளையங்களின் வழியே தண்டுவடம் இறங்குகிறது. உருளையின் முன்பக்கம் மட்டும் ஆப்புப் போல நசுங்கினால் தண்டுவடம் பெரும்பாலும் தப்பும். உருளையே நொறுங்கிச் சில்லு பின்னால் தள்ளியிருந்தால், ஆளை வளைக்கும்போது அது தண்டுவடத்தை நசுக்கலாம். கால்களில் உணர்வு போய்விடும். அதனால் நாலு பேர் சேர்ந்து, தலையும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி, மரக்கட்டையைப் போல உருட்டிப் பலகையில் கிடத்த வேண்டும். பலகை பத்தடி தள்ளி, மாட்டுவண்டியில் சும்மா கிடந்தது.

அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உட்கார வைத்தார்கள். மாமா ஒரே ஒரு முறை அலறினார். பிறகு சத்தமில்லை.

"பாரு, வலி கொறஞ்சிருச்சு," என்றார் அப்பா நிம்மதியாக. சோடாவைத் தன் கையாலேயே புகட்டினார். பாசத்துக்குக் குறைவில்லை.

வாடகைக் காரின் பின்சீட்டில் அவரை மடித்துத் திணித்தார்கள். கால்கள் என் மடியில். திண்டுக்கல் வரும்வரை சும்மா இருக்க என்னால் முடியவில்லை. உள்ளங்காலில் கோடு இழுத்தேன். கால் அசையவில்லை. நகத்தால் அழுத்தியும் அசையவில்லை.

"மாமா ஜெயிச்சிட்டாரு!" என்று கத்தினேன்.

மாமா தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார்.

"நீ இன்னும் தொடவே இல்லையே, கழுதை?"

முதல் தடவையாக ஜெயித்த கர்வத்தில் இப்படிப் பொய் சொல்கிறாரே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வரும்வரை அவரோடு பேசவில்லை.