மூன்றாவது ஐஸ் பார்

அத்தையின் நிச்சயத்துக்கு எத்தனை ஐஸ் பார் வேண்டும் என்பதில் எங்கள் வீட்டில் பெரிய வழக்கே நடந்தது. நல்ல சித்திரை வெயில். எடப்பாடியிலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சில்லென்று நன்னாரி சர்பத் கொடுத்தாக வேண்டும். அத்தைக்கு ஏற்கெனவே வந்த இடமெல்லாம் ஏதோ ஒரு காரணத்தால் தட்டிப் போயிருந்தது. இதுவும் போனால் அவளுக்கு அப்புறம் கல்யாணமே இல்லை என்று அம்மா வாய்விட்டே சொன்னாள். போதாக்குறைக்கு, அப்பாவைப் பெற்ற அப்பாரு பின்னறையில் கட்டிலோடு கிடந்தார். டாக்டர் கையை விரித்துவிட்டுப் போயிருந்தார்.

சேலத்துக்கு லாரி ஓட்டிய மாமாதான் ஐஸ் கொண்டுவர வேண்டியவர். வழியில் கரைவதையும் சேர்த்து இரண்டு பார் தாராளம் என்றார். அப்பா மூன்று என்றார். எங்களுக்கு ஒரு குச்சி ஐஸ் வாங்கித் தர மூக்கால் அழுகிறவர் அவர். மாமா சிரித்தார், அம்மா திகைத்தாள். அப்பா அசையவில்லை.

"கணக்குக் கேக்காதீங்க மச்சான். மூணு கொண்டாங்க."

மூன்றும் உமியிலும் சாக்கிலும் பொதிந்து வந்து இறங்கின. இரண்டை வாசலில் வைத்தார்கள். மூன்றாவதை அப்பாவே அப்பாருவின் அறைக்குள் இழுத்துப் போய் மூலையில் கிடத்தி, யாரும் தொடக் கூடாது என்றார்.

மறுநாள் சபை கூடி, நிச்சயத்துக்கு அடையாளமாக இரு வீட்டாரும் உப்புச் சர்க்கரை மாற்றும்போதே வாசல் ஐஸ் தீர்ந்துவிட்டது. மாமா உள்ளே போகப் பார்த்தார். அப்பா கதவை மறித்து நின்றுகொண்டார். மாப்பிள்ளையின் பெரியப்பா வெதுவெதுப்பான சர்பத்தைக் குடித்து முகம் சுளித்தார். எனக்கு மானமே போய்விட்டது.

எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு அப்பாரு கண் விழித்தார். வேலை முடிந்ததா என்று கேட்டார். நல்லபடியாக முடிந்தது என்றார் அப்பா. கிழவர் மெல்லத் தலையைத் திருப்பி மூலையைப் பார்த்தார்.

"எனக்குன்னு வாங்குனதுதான சாமி அது? ஒரு துண்டு ஒடைச்சுக் குடு."

அப்பா அப்படி அழுது நான் பார்த்ததே இல்லை. அழுதுகொண்டே ஒரு துண்டை உடைத்து அவர் வாயில் வைத்தார். "நல்லாருக்குது" என்று அப்பாரு குழந்தை மாதிரி சப்பினார்.

எனக்கும் ஒரு துண்டு கேட்டேன். அம்மா முதுகில் ஒன்று வைத்து வெளியே தள்ளினாள். வந்த விருந்தாளிக்கு இல்லை, பெற்ற பிள்ளைக்கு இல்லை, ஒரு கிழவருக்கு முழு பார் ஐஸா என்று வெகுநாள் பொருமிக்கொண்டிருந்தேன்.

வளர்ந்த பிறகு ஒரு சாவு வீட்டில், பிணத்தைச் சுற்றி ஐஸ் பார் அடுக்கியிருந்ததைப் பார்த்தேன். விருந்துக்கு நடுவில் அப்பாருவின் உயிர் போயிருந்தால், மாப்பிள்ளை வீட்டார் ஊர் போய்ச் சேரும்வரை உடல் கெடாமல் கதவைச் சாத்தி வைக்க அப்பா செய்த ஏற்பாடு அது. அப்பாருவுக்கு அது தெரிந்திருந்தது. தெரிந்துதான் கேட்டு வாங்கிச் சப்பினார்.