திமிங்கலப் பாலில் மீன் வாசனை அடிக்குமா?

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி டீக்கடை வைத்திருக்கும் தனம், வம்பையெல்லாம் மூக்கால்தான் விலைக்கு வாங்குவாள். புதுப் புடவையைக் கொண்டுபோய்க் காட்டினால் நிறத்தைப் பார்க்க மாட்டாள், முகர்ந்து பார்த்துவிட்டு "சாயம் போவும்" என்பாள். பாதி நேரம் தப்பாகத்தான் சொல்வாள். எதிரில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கிற எனக்குப் பல வருடங்களாக இதுதான் பொழுதுபோக்கு.

அவள் வீட்டுக்குப் பின்னால் ஆறு வெள்ளாடுகள் இருந்தன. கல்யாணமாகி வந்தபோது அம்மா வீட்டிலிருந்து கூட வந்த ஒரே ஒரு குட்டியின் வம்சம் அது. ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்து, சண்டை போட்டு, சமாதானமாகி வளர்த்தாள். கடைக்கு மட்டும் மாட்டுப் பாலைத்தான் விலைக்கு வாங்கினாள், ஏனென்றால் ஆட்டுப் பாலை யாரும் தொடமாட்டார்கள். ஒருமுறை துணிந்து அதில் டீ போட்டு ஆட்டோ ஸ்டாண்டுக்குக் கொடுத்தாள். விமல்ராஜ் என்ற டிரைவர் ஒரு வாய் குடித்துவிட்டு அப்படியே சாக்கடையில் துப்பினான். அதோடு விட்டானா? அந்த வாரம் முழுக்க எந்த டீயைக் கொடுத்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தான், படுபாவி.

தனத்தின் கணவன் மாறனுக்கு இது பெரிய மானக்கேடாகிவிட்டது. லோடு வண்டி ஓட்டுகிறவன், ஊரெல்லாம் போய் வருகிறவன், போகிற இடமெல்லாம் இந்தக் கிண்டலைக் கேட்க வேண்டியிருந்தது. ஒருநாள் கடை வாசலில் நின்றே சொன்னான்.

"ஆடிப் பௌர்ணமி வரைக்கும் பாக்கறேன் தனம். அதுக்குள்ள இந்தப் பாலை மனுசன் குடிச்சான்னா ஆடுங்க இருக்கட்டும். இல்லன்னா கோபியண்ணனை வரச் சொல்லிப் புடிச்சிக் குடுத்துடுவேன்."

கோபி கறிக்கடைகளுக்கு ஆடு பிடித்துக் கொடுக்கும் வியாபாரி. தனம் போய் ஆடுகளோடு உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் மாறனின் சட்டைக்குப் பித்தான் தைக்கமாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டேன்.

இந்த நேரத்தில்தான் அவள் மகள் கவிநிலா கைபேசியில் ஒரு வீடியோவைக் கொண்டுவந்து காட்டினாள். திமிங்கலமும் குட்டி போட்டுப் பால் கொடுக்கிற ஜாதிதானாம். அந்தப் பால் பற்பசை மாதிரி கெட்டியாக இருக்குமாம், ஏறக்குறையப் பாதி வெறும் கொழுப்பாம். கடையில் நின்றவர்களுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. அதை எந்தத் தூணில் கட்டிக் கறப்பது, பால் சொசைட்டியில் ஊற்றினால் என்ன விலை போடுவார்கள், அதில் டீ போட்டால் குடிப்பதா நக்குவதா என்று ஆளுக்கொன்று பேசினார்கள். ஒட்டகப் பால், கழுதைப் பால், குதிரைப் பால் என்று பேச்சு நீண்டுகொண்டே போனது. தனம் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அதுல மீன் வாசனை அடிக்குமா?"

யாருக்கும் தெரியவில்லை. கவிநிலா தேடிப் பார்த்தாள், நிறம் இருந்தது, கொழுப்பு இருந்தது, வாசனையைப் பற்றி அவள் கண்ணில் எதுவும் படவில்லை. தனத்துக்கு அது மண்டைக் குடைச்சலாகிவிட்டது. டீ குடிக்க வந்த வெள்ளைக்காரரைக் கேட்டாள், ஊசி போட வந்த கால்நடை டாக்டரைக் கேட்டாள், பாண்டிச்சேரியிலிருந்து மீன் கொண்டுவருகிறவரையும் விடவில்லை. அவர் நாள் முழுக்க மீனோடு இருக்கிறவர், அவருக்கு எந்த வாசனைதான் தெரியும்?

கேள்வியை அவளே இழுத்து ஆடுகளிடம் கொண்டுவந்தாள். மீனைத் தின்கிற பிராணியின் பாலில் மீன் வாசனை வருமென்றால், ஆட்டுப் பாலில் வரும் வீச்சமும் தீனியிலிருந்துதான் வரவேண்டும். உடனே வேப்பந்தழையை நிறுத்தினாள். அகத்தியும் கடலைக் கொடியும் மட்டும் போட்டாள். ஆடுகள் கொழுத்தன. வீச்சம் இம்மியளவும் குறையவில்லை. ஏலக்காய், சுக்கு, துளசி என்று போட்டுக் காய்ச்சியும் பார்த்தாள். அது ஏலக்காய் மணக்கும் வீச்சமாக மாறியதுதான் மிச்சம்.

ஆனி மாதம் கீழ்பென்னாத்தூரில் இருக்கும் அவள் தங்கை சரசுவின் கைக்குழந்தைக்கு மாட்டுப் பால் ஒத்துக்கொள்ளவில்லை. தனம் ஒரு ஆட்டைக் குட்டியோடு கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். சில நாள் கழித்துப் பார்க்கப் போனவள், பழக்க தோஷத்தில் சொம்பை மூக்கருகே கொண்டுபோனாள். வீச்சமே இல்லை. அதே ஆடு, அதே தழை, கறந்ததும் அவளுடைய அதே கை. நம்ப முடியாமல் குடித்தும் பார்த்தாள். இனிப்பாக இருந்தது.

திரும்பி வந்து பேருந்தைவிட்டு இறங்கியவள் நேராகப் பட்டிக்குப் போனாள். ஒவ்வொரு ஆடாக முகர்ந்தாள், கூளத்தை முகர்ந்தாள், கயிற்றை முகர்ந்தாள். கடைசியில் மூலையில் நின்ற கிடாவிடம் வந்தாள். அதன் பிறகு அவள் என் கடைக்கு ஓடிவந்த ஓட்டம் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

"ரேவதி, தின்றதுல ஒண்ணும் இல்லடி. கூட நிக்கிறதுலதான் இருக்கு."

அந்தக் கிடாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பு மாறனின் வண்டி கவிழ்ந்து அவன் பிழைத்ததற்காக, குலதெய்வம் முனீஸ்வரனுக்கு நேர்ந்துவிட்ட கிடா அது. திருவிழா நடந்தால்தான் வெட்ட முடியும். பங்காளிகள் இரண்டு கட்சியாகி, முதல் மரியாதை யாருக்கு என்று அடித்துக்கொண்டதில் திருவிழா தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. நேர்ந்த கிடாவை விற்கக்கூடாது, அடிக்கக்கூடாது, வீட்டைவிட்டு அனுப்பவும் கூடாது. அது ராஜா மாதிரி ஆடுகளுக்கு நடுவே நின்று, தன் தாடியிலேயே மூத்திரம் பெய்துகொண்டு, ஊரை நாறடித்துக்கொண்டிருந்தது. அதை வாசனை என்று தனியாக நினைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. வெள்ளாடு என்றாலே அப்படித்தான் என்று எல்லோரும் இருந்துவிட்டோம்.

மாறனிடம் சொன்னபோது அவன் முகம் வெளுத்துப்போனது. உயிரைக் காப்பாற்றிய சாமியின் பொருளை வெளியே தள்ளுவதா என்று கேட்டான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது, கவிழ்ந்த வண்டிக்கு அடியில் கிடந்தவன் அவன்தான்.

"நாம நேந்துகிட்டது கிடாவைத்தாங்க. அதோட நாத்தத்தை இல்ல," என்றாள் தனம். "சாமி ஊட்டுக்கே கொண்டுபோய் உட்டுடலாம். சாமிகிட்டயே கேப்போம்."

கேட்பதற்கு எங்களுக்கெல்லாம் தெரிந்த வழி ஒன்றுதான். மஞ்சள் தண்ணீரைத் தெளிக்க வேண்டும். கிடா உடம்பைச் சிலிர்த்துக் குலுக்கினால் சாமி சம்மதித்துவிட்டது. குலுக்காவிட்டால் கிடா வீட்டுக்குத் திரும்பும். அதற்குப் பிறகு ஆடுகள் அத்தனையும் கோபியின் வண்டியில் ஏறவேண்டியதுதான். அதற்கும் தனம் ஒப்புக்கொண்டாள்.

மாறனின் லோடு வண்டியிலேயே கிடாவை ஏற்றிக்கொண்டு, கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் வயல் நடுவில் இருக்கும் முனீஸ்வரன் கோயிலுக்குப் போனோம். மஞ்சள் தண்ணீர்க் குடத்தைத் தூக்க நான். பங்காளிகள் இரண்டு கட்சியும் வந்துவிட்டன. வேறு எதற்கும் ஒன்றுகூடாதவர்கள், வேடிக்கை என்றதும் முந்திக்கொண்டு வந்தார்கள். கோயிலை ஒட்டியே குடியிருக்கும் பூசாரி சடையன், கிடாவைக் கோயிலில் வைத்துக்கொள்வதா என்று முதலில் முனகினார். தனம் சாமியைப் பார்த்துச் சத்தமாக, வெட்டுவதற்குக் கேட்கவில்லை, இங்கே கட்டுவதற்குத்தான் உத்தரவு கேட்கிறோம் என்று சொன்னாள்.

சடையன் தண்ணீரைத் தெளித்தார். கிடா அசையவில்லை. மறுபடி தெளித்தார். அது கழுத்தை நீட்டி, சாமிக்குப் போட்ட மாலையை இழுத்துத் தின்ன ஆரம்பித்தது. பங்காளிகள் சிரித்தார்கள். மாறன் குனிந்து கயிற்றை அவிழ்க்கப் போனான்.

தனம் அழவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது, அதுவும் சாமி மேல்.

"இவரு உசுருக்கு நீ கேட்டதைக் குடுத்தோம். என் ஆடுங்க உனக்கு இன்னா பாவம் பண்ணுச்சுங்க? வாயத் திறந்து சொல்லு."

சொல்லிக்கொண்டே என் இடுப்பிலிருந்த குடத்தைப் பிடுங்கி, முழுத் தண்ணீரையும் கிடாவின் தலையில் கவிழ்த்தாள். கிடா கொம்பிலிருந்து வால்வரை குலுக்கியது பாருங்கள், கோயிலே மஞ்சளாகிவிட்டது. பூசாரி, பங்காளிகள், நான், யாரும் மிச்சமில்லை.

பங்காளி ஒருவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே, குடத்தோடு ஊற்றினால் நானும்தான் குலுக்குவேன், இது எப்படிக் கணக்கில் வரும் என்று சண்டைக்கு வந்தார். சடையன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். வாசலிலேயே கிடா நின்றால், திருவிழா நடத்தாத பங்காளிகளுக்குத் தினமும் உறைக்கும் என்ற கணக்கு அவர் மனதில் ஓடியிருக்க வேண்டும்.

"தண்ணி உடணும்னுதான் வழக்கம். எவ்ளோன்னு வழக்கம் இல்ல. உத்தரவு ஆயிடுச்சி."

திரும்பி வரும் வழியில் தனம் வண்டியின் பின்பக்கம் ஏறி நின்று, காற்றில் முந்தானை பறக்க வந்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் பட்டியைப் பெருக்கிச் சுண்ணாம்பு அடித்தாள், ஆடுகளைக் குளிப்பாட்டினாள், பழைய கயிறுகளைக் கொளுத்தினாள். சில நாட்களில் அவள் கொண்டுவந்து நீட்டிய டம்ளரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வாங்கினேன். பிறகு மூச்சைவிட்டேன். நல்ல பால், அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆடிப் பௌர்ணமி அன்று கடைமுன் கவிநிலா பெரிய எழுத்தில் ஒரு போர்டு எழுதி வைத்தாள்: ஆட்டுப் பால் டீ. மற்ற கடைகளைத் தாண்டிப் போகிற கூட்டம் இதைப் படித்துவிட்டு நின்றது. ஆட்டுப் பாலா, நாறாதா, உடம்புக்கு நல்லதா, காந்தி குடித்தாரே அதுவா என்று ஆயிரம் கேள்வி. மனுஷனுக்குப் புதுப் பால் என்றால் போதும், மூக்கைப் பிடித்துக்கொண்டாவது ஒரு வாய் குடித்துப் பார்த்துவிடுவான். குடித்தவர்கள் மூக்கிலிருந்து கையை எடுத்தார்கள். விமல்ராஜும் வந்தான். பழையபடி முகர்ந்தான், குடித்தான், டம்ளரை மறுபடி நீட்டினான். தனம் அவனை வரிசையில் கடைசியாகப் போய் நிற்கச் சொன்னாள்.

பொழுது சாய்ந்த நேரத்தில் வெறுங்காலோடு, தோளில் துண்டோடு வியாபாரி கோபி வந்தார். மாறன் முன்பே சொல்லி வைத்திருந்தபடி, மலை சுற்றும் வழியில் ஆடுகளையும் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார். போர்டைப் படித்தார், சிரித்தார், ஒரு டீ வாங்கினார். அதை முடித்ததும் இன்னொன்று வாங்கினார். பிறகு மாறனைக் கூப்பிட்டு, ஆடுகள் எங்கே என்று கேட்டார்.

தனத்தின் கையில் வடிகட்டி அப்படியே நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் மெஷினை நிறுத்திவிட்டேன்.

"ஆடு விக்கிறதுக்கு இல்லண்ணே," என்றான் மாறன். "நீங்க குடிச்சது அதுங்க பால்தான்."

கோபி டம்ளருக்குள் பார்த்தார். அப்படியென்றால் எவன் கேட்டாலும் கொடுக்காதே என்று சொல்லிவிட்டு, காசை வைத்துவிட்டு மலையைப் பார்த்து நடந்தார்.

தனம் அழுதாள், சிரித்தாள், இரண்டையும் மறைக்கவில்லை. டீயை டம்ளரில் ஊற்றாமல் மேசையெல்லாம் ஊற்றினாள். மாறன் அவள் கையிலிருந்து வடிகட்டியை வாங்கிக்கொண்டு, அவளை ஸ்டூலில் உட்கார வைத்தான். பிறகு பாதைப் பக்கம் திரும்பி, அத்தனை கடைக்காரர்கள் குரலுக்கும் மேலே, தொண்டை கிழியக் கத்த ஆரம்பித்தான்.

"ஆட்டுப் பால் டீ! எங்க ஊட்டு ஆட்டுப் பால் டீ!"