ஆரத்திக் கிணறு

போன சித்திரையில் கிணறு கிணறாகப் போய்ச் சிவப்பு மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். காலரா சமயத்துக்கு மட்டும் முனிசிபாலிட்டியில் எடுத்த தற்காலிக ஆள் நான். வாளித் தண்ணீரில் தூளைக் கரைத்து, கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, கை ஓயும்வரை மேலும் கீழும் இழுத்துக் கலக்க வேண்டும். தண்ணீர் ரோஜா நிறத்துக்கு வரும். விடிகிறவரை அந்த நிறம் நின்றால் மருந்து போதும். அதற்குள் வெளுத்துவிட்டால் கிணற்றில் அழுக்கு அதிகம் என்று அர்த்தம், மறுபடி போட வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். சரவணம்பட்டிக்கு அந்தப் பக்கம் சோளக்காட்டில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டுகிற அப்பா, என் வேலையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நானும் கெணத்துக்குள்ள சாலு உடறேன், நீயும் கெணத்துக்குள்ள வாளி உடறே. இதுக்கு எதுக்குடா அத்தன படிப்பு?"

டவுனில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். மில்லுக்குப் பின்னால் ஒரு சந்து. மச்சானைப் போல மில் வேலைக்குப் போகிறவர்கள்தான் அங்கே எல்லோரும். சந்தின் நடுவில் மாரியம்மன் கோயில், அதன் பக்கத்திலேயே கிணறு. கிணற்றடியை உரசிக்கொண்டு சாக்கடை போகும். கைப்பிடிச் சுவரின் அடியில் ஒரு விரிசல் இருந்தது. சாக்கடை நிரம்பினால் அந்த விரிசல் வழியாக என்ன உள்ளே இறங்கும் என்று பார்க்கப் படிப்புத் தேவையில்லை, மூக்கு இருந்தால் போதும். சந்து மூலையில் சிறுவாணிக் குழாய் இருந்தது. தேன் மாதிரித் தண்ணீர். ஆனால் வருகிற நேரம் கொஞ்சம், குடங்கள் அதிகம், சண்டை அதைவிட அதிகம்.

அப்போது பார்த்து மாரியம்மன் திருவிழாவுக்கு நாள் குறித்து, நோம்பி சாட்டிவிட்டார்கள். மூன்று கிளையாகப் பிரிந்த மரத்தை வெட்டி, தோல் சீவி, கோயில் முன்னால் கம்பம் நட்டாயிற்று. நோம்பி முடிகிறவரை கம்பம்தான் அம்மனுக்குப் புருஷன். பெண்கள் விடியுமுன் குளித்து, கிணற்றில் இறைத்து, மஞ்சளும் வேப்பிலையும் போட்டுக் கம்பத்துக்கு ஊற்றுவார்கள். அடியில் வழிவதைச் சொம்பில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து பிள்ளைகளுக்கு ஒரு வாய் தீர்த்தம் கொடுப்பார்கள்.

அக்காவின் மகள் தை மாதம் அம்மை வார்த்து எழுந்த குழந்தை. நோம்பி முடிய நாள் தவறாமல் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதாக அக்கா அப்போதே வேண்டிக்கொண்டிருந்தாள். அதனால் தினமும் காலையில் அந்தக் கிணற்றுத் தண்ணீர் ஒரு வாய் குழந்தைக்குள் போய்க்கொண்டிருந்தது. ஊரெல்லாம் கிணறு கிணறாக அலைந்த நான் பயந்தது அந்த ஒரு வாய்க்குத்தான்.

"குழாய்த் தண்ணிய ஊத்துனா ஆத்தா வேண்டாங்கறாளா, அக்கா?"

"குழாய்க்குள்ள தோலு வெச்சுத்தான் திருகறாங்களாமா. தோல்ல பட்ட தண்ணியவா ஆத்தாளுக்கு ஊத்தச் சொல்றே? உன்ற மருந்த நீ போடு சாமி, என்ற வேண்டுதல நான் பாத்துக்கறேன்."

கோயிலடியில் நின்று காலராக் கிருமியைப் பற்றி ஒரு பிரசங்கமும் செய்து பார்த்தேன். இரண்டு நாள் யோசித்து வைத்திருந்தது. பூசாரியின் சம்சாரம் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். கிணற்றுக்கும் கோயிலுக்கும் சந்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"ஏனுங்க தம்பி, கண்ணுக்குத் தெரியாதது ரெண்டு. ஒண்ணு ஆத்தா, இன்னொண்ணு உங்க பூச்சி. நாங்க ஆத்தாள நம்பிக்கறோம், நீங்க பூச்சிய நம்பிக்குங்க. யாருக்கும் நட்டமில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்ததுதான் கொடுமை.

அன்று சாயங்காலமே கிணற்றில் மருந்து போட்டேன். கோடையில் முழங்கால் தண்ணீர்தான் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் அடிவரை சிவந்துவிட்டது. எட்டிப் பார்த்த ஒருத்தி, "ரத்தமுங்கோ!" என்று கத்த, சந்தே கூடிவிட்டது. பூசாரியம்மா வந்து சுவரில் கையூன்றி நெடுநேரம் பார்த்தார்.

"ரத்தமென்ன ரத்தம்? ஆரத்தி! ஆத்தா கெணத்துக்கே ஆரத்தி சுத்திப்போட்டாளே!"

காலைவரை யாரும் இறைக்கக் கூடாது என்று நான் கத்தினேன். யார் கேட்டார்கள்? குடம் குடமாக இறைத்துக்கொண்டு போனார்கள். அடுத்த சந்திலிருந்துகூட ஆள் வந்தது.

பதறிப் போய் சுகாதார இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "குடிக்கட்டும் உடுப்பா. நெறம் நிக்கற தண்ணியில கிருமி நிக்காது. மருந்துன்னு சொல்லியிருந்தா ஒருத்தனாவது வாயில வெச்சிருப்பானா?"

அது உண்மைதான். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் மருந்து போட்டேன், விடிகாலையில் ஆரத்தித் தண்ணீர் கம்பத்துக்குப் போயிற்று. குழந்தை நாக்கை நீட்டி, "செவந்திருச்சா மாமா?" என்று கேட்கும். கிருமியை நம்பாமலே ஒரு சந்து பிழைத்துக்கொண்டிருந்தது. பிரசங்கம் வீணானதில் வருத்தம் இருந்தாலும் ராத்திரியில் தூக்கம் வந்தது.

பிறகு உக்கடத்துக் குளத்தோரக் குடிசைகளில் நோய் கண்டது. சில நாள் அங்கேயே தங்கி வேலை பார்க்கும்படி ஆயிற்று. புறப்படும்போது அக்காவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பூசாரியம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனேன்: "நான் வர்றவரைக்கும் கெணத்தப் பாத்துக்குங்க. நெறம் போயிருச்சுன்னா ஒருத்தரையும் எறைக்க உடாதீங்க."

"நெறம் போகாதுங்க தம்பி, நான் பாத்துக்கறேன். நீங்க போயிட்டு வாங்க."

குளத்தோரத்தில் பார்த்ததை இங்கே எழுதப் போவதில்லை. நடந்து நடந்து கால் வீங்கி, ஒரு மத்தியானம் சந்துக்குத் திரும்பினேன். முதலில் கிணற்றைத்தான் பார்த்தேன். சிவப்பாக இருந்தது. எனக்குப் பதிலாக வேறு ஆளை அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து, அலுப்பெல்லாம் இறங்கினாற்போல இருந்தது. முகம் கழுவலாம் என்று ஒரு வாளி இறைத்தேன்.

சிவப்புதான். ஆனால் ரோஜாச் சிவப்பு இல்லை, செங்கல் சிவப்பு. கையில் அள்ளினால் மஞ்சள் வாசம்.

கோயில் வாசலில் பூசாரியம்மா அம்மியில் மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சுண்ணாம்புச் சட்டி.

"இதென்னங்கம்மா?"

"நீங்க போன மக்யா நாளு விடியறப்பவே வெளுத்துப்போச்சுங்க தம்பி. நெறம் போச்சுன்னா எறைக்க வேண்டாம்னு சொல்லிப்போட்டீங்க. நோம்பியில கம்பம் காயலாமா? அதான் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைச்சு ஊத்தி நெறம் போகாம வெச்சிருக்கேன்." தலையைத் தூக்காமலே சொன்னார், செய்த வேலையில் திருப்தியோடு.

அக்காவின் எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து என் தோளைத் தொட்டார். "அப்பறம் பேசிக்கலாம் தம்பி. மொதல்ல உன்ற அக்கா ஊட்டுக்குப் போ. புள்ளைக்கு வவுறு போகுது."

குழந்தையைத் தூக்கினேன். கனமே இல்லை. கண் உள்ளே போயிருந்தது, விரல் நுனி சுருங்கி ஊறப்போட்ட துணி மாதிரி இருந்தது. ஜட்கா வண்டியில் காலராக் கொட்டகைக்குப் போகிற வழியெல்லாம் அக்கா அழவில்லை. ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொன்னாள்:

"நெறம் இருந்துச்சு கண்ணு. நீ சொன்னாப்பல நெறம் பாத்துப்போட்டுத்தான் எறச்சேன்."

கொட்டகையில் நரம்பில் உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். டாக்டர் ஒன்றைத்தான் சொன்னார்: சிறுநீர் போனால் பிழைத்தது, போகாவிட்டால் சொல்வதற்கில்லை. அக்கா குழந்தைக்கு அடியில் பழைய சேலைத் துணியை மடித்துப் போட்டு, அடிக்கடி கையைவிட்டுத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்தே கிடந்தது.

கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பாமலே கேட்டாள். "அங்க இன்னும் எறைக்கறாங்களா?"

"எறைப்பாங்க. நான் போய்க் கெணத்த அடைக்கச் சொல்றேன்."

"நீ சொன்னா எவ கேப்பா? கம்பத்தப் புடுங்கிக் கெணத்துல போடச் சொல்லு. கம்பம் உள்ள போயிருச்சுன்னா மறுபூச முடியறவரைக்கும் எவளும் வாளி எறக்கமாட்டா."

நோம்பி முடிவில் கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் போடுவது வழக்கம்; சில நாள் கழித்து மறுபூஜை நடக்கிறவரை அந்தத் தண்ணீரை யாரும் தொடமாட்டார்கள். அது எனக்கும் தெரியும், ஆனால் தோன்றவில்லை. நான் யோசித்ததெல்லாம் பூட்டு, பலகை, உத்தரவு.

சந்துக்கு ஓடினேன். பூசாரியம்மாவிடம் கேட்டதும் ஆண்கள் குறுக்கே வந்தார்கள். "நோம்பி பாதியில நிக்குது. இப்பப் புடுங்குனா ஊருக்கே ஆகாதப்பா. ரெண்டெழுத்துப் படிச்சா ஆத்தாளுக்கும் நாள் குறிப்பியா?"

பூசாரியம்மா அவர்களைப் பார்க்கவில்லை. "புள்ள எப்பிடி இருக்குதுங்க தம்பி?"

"இன்னும் ஒண்ணும் சொல்ல முடியாதுங்கறாங்க."

"என்ற மஞ்சத் தண்ணிதானா?"

"மஞ்சள்ல ஒண்ணுமில்லீங்கம்மா. மருந்து இல்லாத தண்ணிங்க. நெறம் மட்டும் இருந்துச்சு."

அவர் மஞ்சள் படிந்த கையைச் சேலையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு ஆண்களைப் பார்த்துப் போட்ட சத்தம் சந்து முனைவரை கேட்டிருக்கும். "என்னங்கடா நாளு, கெழம? ஆத்தா புருசன ஆத்தாகிட்டக் கேட்டு நான் அனுப்பி வெக்கறேன். பாவம் வந்தா என்ற தலையில வரட்டும். புடுங்குங்கடா!"

பிடுங்கினார்கள். வழக்கம்போலப் பெண்கள் அழுதார்கள். இந்தத் தடவை அது வழக்கத்துக்கு அழுததாக எனக்குத் தோன்றவில்லை. கம்பம் கிணற்றில் விழுந்த சத்தத்தைக் கேட்டுவிட்டுக் கொட்டகைக்கு நடந்தேன். ஓடத் தெம்பில்லை.

நான் உள்ளே நுழைந்ததும் அக்கா அந்தத் துணியை எடுத்து என் கையில் திணித்தாள். ஈரம். உலகத்தில் வேறு எந்த ஈரத்தையும் நான் அப்படிப் பிடித்துக்கொண்டு நின்றதில்லை.

எங்கள் சந்தில் எல்லோருக்கும் அப்படி நடக்கவில்லை. எதிர்வீட்டுக்காரரின் தாயார் அதே வாரம் போய்விட்டார்.

மறுபூஜை முடிகிறவரை கிணறு சும்மா கிடந்தது. குழாயடியில் குடம் மோதி, கூந்தல் பிடித்து, சண்டை நாறியது. மறுபூஜை முடிந்ததும் பாதிப் பேர் கிணற்றுக்கே திரும்பிவிட்டார்கள். சாக்கடை இருந்த இடத்திலேயே இருக்கிறது. விரிசலை நானும் மச்சானும் சிமெண்டு குழைத்துப் பூசினோம். மழைக்குத் தாங்குமா தெரியாது.

கிணறு திறந்த அன்று நான் மருந்து கலக்கி முடிக்கிறவரை பூசாரியம்மா பக்கத்திலேயே நின்றார்.

"இது வெளுத்துப்போச்சுன்னா நான் ஒண்ணும் ஊத்தமாட்டேன் தம்பி. வெளுத்துப்போச்சுன்னு உங்களுக்கு ஆள் உடறேன். நீங்க எங்கிருந்தாலும் வந்து சேரோணும்."

"வாரனுங்கம்மா," என்றேன். தற்காலிக வேலை எத்தனை நாளைக்கு என்று அவரிடம் சொல்லவில்லை.

குடத்தோடு வந்த அக்கா கிணற்றடியில் ஒரு நிமிஷம் நின்றாள். இடுப்பிலிருந்த குழந்தை எக்கி உள்ளே பார்த்தது. கழுத்து இன்னும் குச்சியாகத்தான் இருந்தது.

"மாமா, இது உன்ற செவப்பா, பூசாரியம்மா செவப்பா?"

நான் பதில் சொல்லுமுன் அக்கா குழந்தையைத் திருப்பித் தோளில் போட்டுக்கொண்டு குழாயடி வரிசையைப் பார்த்து நடந்தாள்.