அப்பாவு வண்டியின் வாசனை

அப்பாவு என்ற வேன் டிரைவருக்கு வாசனை தெரியாது. இப்போது பழகுபவர்களில் அது அவர் மனைவி கல்பனாவுக்கு மட்டும் தெரிந்த விஷயம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் பெயிண்ட் தின்னர் நிரப்பும் ஒரு கம்பெனியில் அவர் பல வருடம் வேலை பார்த்தார். மூக்கு அங்கே கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. ஒருநாள் ஒழுகிக்கொண்டிருந்த டிரம்முக்குப் பக்கத்தில் நின்று சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருந்தவரை சூப்பர்வைசர் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார். "மூக்கு செத்தவன உள்ள வெச்சிக்கினு நாங்க எல்லாரும் சாவறதா?" என்றார். அன்றோடு வேலை போயிற்று.

பிறகு வேன் ஓட்ட வந்தபோது அப்பாவு அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் யார் ஏறுவார்கள்?

மற்றவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் அவர் வாசனையைத் தெரிந்துகொண்டார். எதிரில் இருப்பவர் மூக்கைச் சுருக்கினால் இவரும் சுருக்குவார். யாராவது கண்ணை மூடி இழுத்தால், "ம்ம், சூப்பரா கீதே" என்பார். வீட்டில் ஒருமுறை கேஸ் கசிந்தது. அடுப்பைப் பற்ற வைக்கப்போன அவர் கையைக் கல்பனா தட்டிவிட்டாள். அப்போது அவள் கண்கள் விரிந்திருந்தன, உதடுகள் இறுகியிருந்தன, மூச்சை இழுக்காமல் அப்படியே நிறுத்தியிருந்தாள். அந்த முகத்தை அவர் மறக்கவில்லை.

கவரைப்பேட்டையிலிருந்து தினமும் அவர் சிப்காட்டுக்கு ஏற்றிச் சென்ற பெண்கள், வேறொரு தின்னர் கம்பெனியில் பேக்கிங் வேலை செய்பவர்கள். எத்தனை முறை துவைத்தாலும் அவர்கள் துணியில் தின்னர் வாசனை போகாது.

வண்டியின் எஞ்சின் புகை கக்க ஆரம்பித்ததும் மெக்கானிக் குப்புராஜ் அதைக் கழற்றிவிட்டு, செங்குன்றத்தில் கிடைத்த பழைய கார்புரேட்டர் எஞ்சின் ஒன்றைப் பொருத்தினார். அந்த வேனில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டின் ஓர ரப்பர் எப்போதோ கிழிந்துபோயிருந்தது.

வெயிலில் பெட்ரோல் டேங்க் ஆவி விடும். அந்த ஆவி ஒரு குழாய் வழியாகக் கரி நிரப்பிய கருப்பு டப்பாவுக்கு வந்து தங்கும். எஞ்சின் ஓடும்போது இன்னொரு குழாய் அதை உறிஞ்சிக்கொண்டுபோய் எரித்துவிடும். வந்த எஞ்சினில் அந்த இரண்டாவது குழாயை மாட்ட இடமில்லை. பொறுமையாகச் செய்தால் இடம் பண்ணலாம். அது முடியாவிட்டாலும், ஆவிக் குழாயைச் சூடு படாமல் வண்டிக்கு வெளியே கொண்டுபோயாவது விட வேண்டும். குப்புராஜ் கரி டப்பாவைக் கழற்றி மூலையில் போட்டார். டேங்க் குழாயை சீட்டுக்கு அடியில் கம்பியால் கட்டி, வாயைத் திறந்தபடி விட்டார்.

"இன்னா குப்பு, அது சும்மா தொங்குது?"

"அடச்சா டேங்க் மூச்சு முட்டும்ண்ணா. தொறந்தே கெடக்கட்டும். வாசன கீசன வந்தா சொல்லு, பாத்துக்கலாம்."

அப்பாவு தலையாட்டிவிட்டு வந்தார்.

அந்தச் சமயத்தில்தான் ஏஞ்சலின் என்ற பெண் லேபிள் ஒட்டும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தாள். வண்டியில் ஏறிய முதல் நாளே துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணா, பெட்ரோல் வாசன வருது."

பின் சீட்டு சிரித்தது. அங்கே மூத்தவளான முத்தம்மாள் சொன்னாள்: "பெட்ரோல் இல்லடி, நாங்கதான். கொஞ்ச நாள் போவட்டும், உம்மேலயும் வீசும். அப்பால உன்ன கட்டிக்கறவன் மொட்டமாடில போய் படுத்துக்குவான். இன்னா நைனா, நீயே சொல்லு, உனக்கு பெட்ரோலா வருது?"

அப்பாவு கண்ணாடியில் பார்த்தார். ஒரே ஒரு மூக்குதான் சுருங்கியிருந்தது. மற்றவை எப்போதும் போல இருந்தன.

"தின்னர்தாம்மா" என்றார்.

ஆனாலும் அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மறுநாள், "நீ முன்னால குந்து கண்ணு, அவங்க வாசன வராது" என்று தன் பக்கத்து சீட்டைக் கொடுத்தார். வழியிலுள்ள இரும்பு ஆலைகளிலிருந்து பறந்து வரும் தூளுக்குப் பயந்து கண்ணாடிகளை ஏற்றியே ஓட்டுவார்கள். சிப்காட் வருவதற்குள் ஏஞ்சலின் கதவில் தலையைச் சாய்த்துவிடுவாள். இறங்கும்போது கால் தடுமாறும். தலைவலி என்பாள். காலையில் நாஷ்டா சாப்பிடாமல் வருவதால்தான் என்று முத்தம்மாள் திட்டுவாள்.

ஆயுத பூஜை அன்று கம்பெனியில் அரை நாள்தான் வேலை. அப்பாவு டேங்க் நிறைய பெட்ரோல் போட்டுக்கொண்டு, கேட்டுக்கு வெளியே வெயிலில் வண்டியை நிறுத்தியிருந்தார். கண்ணாடிகள் மூடியிருந்தன. பெண்கள் பொரிப் பொட்டலங்களோடு வெளியே வந்தார்கள். முத்தம்மாள் கையில் ஒரு பூசணிக்காய். வெட்டிய தலையில் குங்குமம், அதன்மேல் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

"நம்ம வண்டிக்கும் சுத்திடறேன் நைனா. கண்ணு பட்டு கெடக்குது."

ஏஞ்சலின் முன்கதவைத் திறந்தாள். திறந்த வேகத்திலேயே பின்வாங்கினாள்.

"அக்கா, வராதீங்க! நெருப்பு வேணாம்!"

முத்தம்மாள் முகம் மாறியது. "உன்ன ஒண்ணும் கும்பிட சொல்லல. உன் சாமி உனக்கு, எங்க சாமி எங்களுக்கு. தள்ளி நில்லு."

"அதுக்கில்லக்கா..."

"பின்ன எதுக்கு? பொரி துன்னும்போது மட்டும் சாமி வோணுமா?"

யாரோ சிரித்தார்கள். முத்தம்மாள் பின்பக்கம் சுற்றி, திறந்திருந்த கதவை நோக்கி வந்தாள். உருகிய கற்பூரம் எரிந்தபடியே காயின் பக்கவாட்டில் வழிந்தது. நல்ல நாளும் அதுவுமாக எதற்குச் சண்டை, பேசாமல் இரும்மா என்று சொல்லத்தான் அப்பாவு ஏஞ்சலின் பக்கம் திரும்பினார்.

அவள் கண்கள் விரிந்திருந்தன. உதடுகள் இறுகியிருந்தன. மூச்சு நின்றிருந்தது.

அப்பாவு பாய்ந்து பூசணிக்காயைப் பிடுங்கினார். நெருப்பு மணிக்கட்டில் ஒழுகியது. அப்படியே ரோட்டைத் தாண்டி ஓடி, மண்ணில் வைத்துக் காலால் மண் தள்ளி மூடினார்.

"பைத்தியமாய்யா உனக்கு?" என்று கத்தினாள் முத்தம்மாள்.

"அந்தப் பொண்ணு சொல்றது நெஜம்மா. பெட்ரோல்தான்."

"நீதான தின்னருன்ன?"

"எனக்குத் தெரியாது. எனக்கு மூக்கு செத்து ரொம்ப நாளாச்சு. ஒங்கள மாதிரி தின்னர் கம்பெனிலதான் போச்சு. உங்க மூஞ்சியப் பாத்துதான் சொன்னேன். நீங்க யாரும் சுளிக்கல."

முத்தம்மாள் வண்டிக்குப் போனாள். திறந்த கதவுக்குள் தலையை விட்டு நன்றாக இழுத்தாள். இன்னொரு தடவையும் இழுத்தாள். பிறகு ஏஞ்சலினைப் பார்த்தாள்.

"இப்பவும் வருதாடி?"

"கொமட்டுதுக்கா. நீங்க வெளிய வாங்க."

முத்தம்மாள் வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவள் போய் இழுத்தாள். அவளும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பினாள். அதற்கடுத்தவள் வண்டிக்கு அருகிலேயே போகவில்லை. முந்தானையை மூக்கருகே கொண்டுபோய், பிறகு கையை இறக்கிக்கொண்டாள்.

அப்பாவு சாவியைத் தொடாமல் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார். மணிக்கட்டில் தோல் வெளுத்துக்கிடந்தது.

"அப்பாவு" என்றாள் முத்தம்மாள். அவள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. "உனக்கு மொதல்ல எந்த வாசன போச்சு?"

"கொழம்பு தாளிக்கறது" என்றார் அவர்.

அவள் யோசித்தாள். மற்ற பெண்களும் அவரவர் பொரிப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு யோசித்தபடி நின்றார்கள்.