யாரும் தொட முடியாத வெப்சைட்

எங்கள் அலுவலகத்தில் ஜமீன் என்று ஒருவர் இருக்கிறார். காணி நிலம்கூடக் கிடையாது. பஸ் டிக்கெட் பதிவு செய்யும் எங்கள் வெப்சைட்டை ஆரம்பத்திலிருந்து எழுதியவர் என்பதால், அதைப் பரம்பரைச் சொத்தாகவே பாவிக்கிறார். பட்டம் நான் வைத்ததுதான். எதிர் மேஜையில் உட்கார்ந்து தினமும் சகித்துக்கொள்கிறவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

அவர் வேலை செய்யும் அழகே தனி. புதிதாக ஒரு பக்கம் வேண்டுமென்றால் பழையதை அப்படியே காப்பி எடுத்துத் தலைப்பை மட்டும் மாற்றுவார். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, கட்டணக் கணக்கு, எழுத்தின் நிறம் எல்லாம் ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் மூட்டை கட்டிக் கிடக்கும். ஒரு ஃபைலின் பெயர் ‘கடைசி’. அடுத்தது ‘உண்மையான கடைசி’. எது ஓடுகிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

பார்சல் பிரிவின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா நேர்மாறு. டேட்டாபேஸில் நுழைய ஒரு ஃபைல், கணக்குக்கு ஒன்று, கண்ணுக்குத் தெரிவதற்கு ஒன்று என்று பிரித்து வைத்திருந்தார். ஜமீனுடையதையும் பிரித்துத் தருவதாகச் சொன்னார். “வீட்டுச் சாவியை ஊருக்கே குடுக்கச் சொல்றியாம்மா?” என்று இவர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இத்தனைக்கும் மனுஷன் இடமாற்றத்துக்குத் தவித்துக்கொண்டிருந்தார். மனைவிக்கு வேறு ஊரில் வேலை, மகளும் அங்கேதான். போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். எப்போது வருவாய் என்று மகள் கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அப்போது மட்டும் எனக்குப் பாவமாக இருக்கும். அந்த ஊர்க் கிளையில் ஓர் இடம் காலியானதும் விண்ணப்பித்தார். அக்காவும் விண்ணப்பித்தார்.

அந்த நேரம் பார்த்து, டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி மேலிடத்து உத்தரவு. அக்கா ஒரு வரியை மாற்றிவிட்டு டீ குடிக்கப் போனார். ஜமீன் ஃபைல் ஃபைலாகத் திறந்து மாற்றியதில் டிக்கெட் ரத்து செய்யும் பக்கம் விட்டுப்போனது. பயணிகள் போனில் எங்களைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ஒருவழியாகக் கண்டுபிடித்துச் சரிசெய்தவர், தான் மட்டும் இல்லையென்றால் ஆபீஸ் நாறியிருக்கும் என்று மேனேஜர் காதில் விழும்படி அளந்தார்.

நன்றாகவே விழுந்தது. மறுவாரம் மேனேஜர் கூப்பிட்டு, “நீங்க போயிட்டா அதை யார் சார் தொடுவா?” என்றார். ஜமீனுக்கு முதலில் முகம் மலர்ந்தது. பிறகுதான் உறைத்தது. இடம் அக்காவுக்குப் போனது. அக்காவின் வேலையை அடுத்த பிரிவுக்காரர் ஒரே நாளில் புரிந்துகொண்டுவிட்டார்.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னார். ஆபீஸில் தன்னை விட்டால் ஆளில்லை என்றார், அந்த நிலையிலும் கொஞ்சம் பெருமையாக. ஸ்பீக்கரில் மனைவியின் பதில் எனக்கும் கேட்டது.

“இங்கயும் எங்களுக்கு உங்கள விட்டா ஆளில்லங்க.”

ஜமீன் போனை வைத்துவிட்டு எழுந்து அக்காவின் மேஜைக்குப் போனார். “அன்னிக்குப் பிரிச்சுத் தர்றேன்னு சொன்னியேம்மா...” என்று இழுத்தார். அக்கா இழுப்பறைகளைக் காலி செய்து பையில் போட்டுக்கொண்டிருந்தார்.