இரண்டு கொரியாவில் நல்லது எது?

அரசாங்கக் கணக்கில் நான் ஒரு தையற்காரன். என் விசாவில் தொழில் என்ற இடத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. நான் படித்தது பி.காம். சட்டையில் பொத்தான் அறுந்தால் மனைவியைக் கூப்பிடுகிறவன். பதினாறு வருஷத்துக்கு முன்னால் என்னை வேலைக்கு எடுத்த கம்பெனியிடம் கிளார்க் விசா தீர்ந்துபோய், தையற்காரர் விசா ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. அன்றிலிருந்து கம்பெனிகள் மாறின, தையல் மட்டும் என்னை விடவில்லை. துபாய் கராமாவில் எங்கள் கட்டடத்திலேயே ஒரு கணக்குப்பிள்ளை இருக்கிறார், விசாவில் அவர் கொத்தனார். அவருடைய ரூமில் இருப்பவர் நிஜமாகவே கொத்தனார், விசாவில் அவர் சமையல்காரர். கீழே மெஸ்ஸில் சமைக்கிறவர் என்ன விசாவில் இருக்கிறார் என்று நாங்கள் யாரும் கேட்பதில்லை. சோறு நன்றாக இருக்கிறது.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு இது தில்லுமுல்லாகத் தெரியலாம். இங்கே வந்து ஆறு மாதம் ஆனால் பழகிவிடும். கட்டத்துக்குள் எழுதியதுதான் ஆள். கட்டத்துக்கு வெளியே சாப்பிட்டு, தூங்கி, வெயிலைத் திட்டிக்கொண்டு திரிவது வேறு யாரோ. எனக்கு இதில் கொஞ்சம் தேர்ச்சி அதிகம், ஏனென்றால் என் வேலையே மற்றவர்களைக் கட்டத்துக்குள் அடைப்பதுதான். வெளிநாட்டுப் பாடகர்களையும் இசைக்காரர்களையும் அழைத்துவந்து நிகழ்ச்சி நடத்தும் ஒரு கம்பெனியில் நான் அரசாங்க அனுமதிக்கு விண்ணப்பம் நிரப்புகிறேன். எவ்வளவு பெரிய கலைஞராக இருந்தாலும் மேடையில் ஏறுவதற்கு முன்னால் என் கம்ப்யூட்டரில் ஏறி இறங்கியாக வேண்டும். அவர்களுடைய பாஸ்போர்ட் எண் எனக்கு மனப்பாடம். பாட்டு ஒன்றுகூடத் தெரியாது.

போன குளிர்காலத்தில் கிரேஸ் அப்படித்தான் வந்தாள். கொரியாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த எலக்ட்ரானிக் இசைக் கலைஞர் என்று மேனேஜர் செந்தில் சார் சொன்னார். மேடைப் பெயர் ஐந்து ஆங்கில எழுத்து, அதில் மருந்துக்குக்கூட ஓர் உயிரெழுத்து கிடையாது. வீட்டில் சொன்னபோது பன்னிரண்டாவது படிக்கும் என் மகள் நிலோஃபர் கட்டிலிலிருந்து குதித்து எழுந்தாள். "வாப்பா, ஷீ இஸ் எ லெஜண்ட்! நீங்க அவங்களைப் பாப்பீங்களா?" என்றாள். பாஸ்போர்ட் நகலைப் பார்த்துவிட்டேன் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

விண்ணப்பத்தில் முதல் தடங்கல், வாத்தியம் என்ற கட்டம். அதைக் காலியாக விட முடியாது. ஊத் என்ற அரபு வீணை, வயலின், டிரம் என்று நீளமான பட்டியல். அமெரிக்காவுக்குப் போன் போட்டு, "மேடம், என்ன வாத்தியம் வாசிக்கிறீர்கள்?" என்று கேட்டேன். "ஃப்ரிட்ஜ்" என்றாள் கிரேஸ். கொஞ்சம் யோசித்து, "ஏசி, வாஷிங் மெஷின், சில சமயம் லிஃப்ட்" என்றாள். நான் கீபோர்டு என்று போட்டுவிட்டேன். அடுத்தது வாழ்க்கைக் குறிப்பு. அவளுடைய ஏஜெண்டு அனுப்பியிருந்ததில், தொலைந்த தாய்நிலத்தின் ஏக்கத்தை மின்னொலியாக்கியவர் என்று ஐரோப்பிய விமர்சகர்கள் பாராட்டியிருந்தார்கள். ஏக்கத்துக்கெல்லாம் அனுமதி வாங்க முடியாது. அதை எடுத்துவிட்டு, நல்ல நடத்தையுள்ளவர் என்று சேர்த்தேன்.

மூன்றாவது கட்டம் பிறந்த நாடு. பட்டியலில் கொரியா இரண்டு இருந்தது. வடக்கு ஒன்று, தெற்கு ஒன்று, வடக்கோடு யாரும் வம்புக்குப் போவதில்லை என்பதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பட்டியலில் வடக்கும் இல்லை, தெற்கும் இல்லை. ஒன்று வெறும் குடியரசு. இன்னொன்று ஜனநாயக மக்கள் குடியரசு. ஜனநாயகம், மக்கள், குடியரசு என்று மூன்றும் சேர்ந்து கிடைக்கும்போது ஒன்றை மட்டும் யார் எடுப்பார்? ஒன்று வாங்கினால் இரண்டு இலவசம் என்ற போர்டைப் பார்த்தே பதினாறு வருஷம் வாழ்ந்தவன் நான். மூன்று இருந்ததைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டேன்.

நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்னதாகவே கிரேஸ் வந்துவிட்டாள். நாற்பது வயதிருக்கும். சின்ன உருவம், கறுப்புச் சட்டை, கையில் ஒரு மைக். நிகழ்ச்சி நடக்கப்போகும் இடத்தின் சத்தத்தைப் பதிவுசெய்ய வேண்டும் என்றாள். துணைக்கு என்னை அனுப்பினார்கள். இடம் ஜெபல் அலியில் காலியான ஒரு கிடங்கு. இங்கே பணக்காரப் பிள்ளைகளுக்கு இப்போது கிடங்கில் ஆடுவதுதான் நாகரிகம். தகரக் கூரை, எண்ணெய் படிந்த தரை, ஒரு மூலையில் உடைந்த மரப்பலகைகள். எதையும் சுத்தம் பண்ணக் கூடாது, அதுதான் அழகு என்று மேடை டிசைனர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

எனக்கு அந்த அழகு நன்றாகத் தெரியும். தையற்காரனாக இறங்கிய முதல் இரண்டு வருஷம் இதே ஜெபல் அலியில், இதே மாதிரி ஒரு கிடங்கில்தான் எனக்கு டூட்டி. கன்டெய்னரைத் திறந்தால் உள்ளிருந்து அனல் முகத்தில் அடிக்கும். பெட்டிகளை எண்ணிக் குறிக்க வேண்டும். ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வரும்போது பீப் பீப் என்று கத்தும் சத்தம் வெள்ளிக்கிழமை லீவில் ரூமில் படுத்திருக்கும்போதும் காதுக்குள் கேட்கும். சூப்பர்வைசர் "ஜல்தி பாய், யல்லா" என்று விரட்டுவார். அங்கிருந்து எப்போது தப்பிப்போம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தோம். இப்போது உள்ளே போக டிக்கெட். என் பழைய ரூம் நண்பனிடம் போனில் இதைச் சொன்னேன், அவன் சிரித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கிரேஸ் எக்ஸாஸ்ட் ஃபேனுக்குக் கீழே மைக்கைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் கண்ணை மூடி நின்றாள். பிறகு தரையில் உட்கார்ந்து நான் வாங்கிவந்த கரக் டீயைக் குடித்தபடி தன் கதையைச் சொன்னாள். ஆறு வயதில் சியோலிலிருந்து நியூ ஜெர்ஸிக்குப் போயிருக்கிறார்கள். அப்பா ஏசி மெக்கானிக். வீட்டுக்குக் கீழேயே கடை. பழுதுபார்த்த கம்ப்ரஸர்களை ராத்திரி முழுக்க ஓடவிட்டுச் சோதிப்பாராம். அந்த உறுமலில்தான் தூங்கியிருக்கிறாள், அதை வைத்தே பிறகு இசை செய்தாள். மருந்தியல் படிப்பை மூன்றாம் வருஷம் விட்டாள். அம்மா அதற்கப்புறமும் நாலு வருஷம் சர்ச்சில் எல்லோரிடமும் மகள் மருந்தியல் படிப்பதாகவே சொல்லிக்கொண்டிருந்தாராம். முதல் ஆல்பம் முழுக்க ஃப்ரிட்ஜ் சத்தம். அப்பா கேட்டுவிட்டு, "மூணாவது பாட்டுல கேஸ் லீக் இருக்கு" என்றாராம். பெர்லினில் ஒரு ரேடியோக்காரர் அதைப் போட்ட பிறகு ஊர் ஊராக அழைப்பு. அமெரிக்காவில் அவளைக் கொரியக் கலைஞர் என்று அறிமுகப்படுத்துகிறார்கள். சியோலில் அமெரிக்கக் கலைஞர். அங்கே மேடையில் அவள் கொரிய மொழியில் நாலு வார்த்தை பேசியதும் எல்லோரும் கைதட்டினார்களாம், வெள்ளைக்காரர் பேசினால் தட்டுவது மாதிரி.

எனக்குச் சிரிப்பு வந்தது. லீவில் ஊருக்குப் போனால் நிலோஃபருக்கும் இதே மரியாதைதான். "மாமி, சோறு வைங்க" என்று சொன்னால் போதும், துபாய்ப் பிள்ளை தமிழ் பேசுது என்று வீடே கூடிவிடும். அவள் அன்று முழுக்க வாயைத் திறக்க மாட்டாள். இதை கிரேஸிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. மகளை நிகழ்ச்சிக்குக் கூட்டிவாருங்கள் என்றாள்.

மறுநாள் அனுமதிப் பிரிவிலிருந்து என்னை நேரில் வரச் சொன்னார்கள். வெள்ளைக் கந்தூரா அங்கியில் இளம் அதிகாரி ஒருவர், மிகவும் மரியாதையானவர். காபி கொடுத்து உட்கார வைத்துவிட்டுக் கேட்டார்.

"உங்கள் கலைஞர் அங்கிருந்து எப்படி வெளியே வந்தார்?"

"பிசினஸ் கிளாஸில், சார்."

பேனாவைக் கீழே வைத்தார். "யார் அனுமதித்தது?"

"அனுமதியெல்லாம் வேண்டியதில்லை சார், டிக்கெட் நாங்கள்தான் போட்டோம்."

கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். "கொரியா இரண்டு இருப்பது தெரியுமா?"

"தெரியும் சார். அதில் நல்லதாகப் பார்த்துத்தான் போட்டேன்."

அவர் கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் விஷயத்தைச் சொன்னார். நான் போட்டிருந்தது வட கொரியா. சிஸ்டத்தில் ஏறியதை அவராலும் அழிக்க முடியாது. கலைஞர் கையெழுத்துப் போட்ட உறுதிமொழிக் கடிதம் ஒன்று வேண்டும், அதுவும் நாளை மதியத்துக்குள். இல்லாவிட்டால் விண்ணப்பம் கமிட்டிக்குப் போகும். கமிட்டி கூடுவது நிகழ்ச்சி முடிந்த பிறகு.

ஆபீசில் செந்தில் சார் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். கோயம்புத்தூர்க்காரர், திட்டினால்கூட மரியாதை குறையாது. "என்னங்க பாய், இப்படிப் பண்ணிப்போட்டீங்க? டிக்கெட் பூராம் வித்தாச்சுங்க. அந்தம்மா கையெழுத்துப் போடலைன்னா ஷோ கேன்சல். ஷோ கேன்சல்னா உங்களுக்கும் கேன்சல்தானுங்க. நான் சொல்லி ஒண்ணும் ஆகாது."

கேன்சல் என்ற வார்த்தைக்கு இங்கே ஒரே ஓர் அர்த்தம்தான். விசாவை ரத்து செய்து விமானம் ஏற்றிவிடுவது. என் விசா வேலையில் தொங்குகிறது, மனைவியின் விசாவும் மகளின் விசாவும் என் விசாவில் தொங்குகின்றன. நிலோஃபருக்குப் பன்னிரண்டாவது பரீட்சைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. அந்தக் கடிதத்தை நானே டைப் செய்தேன். வழக்கமான வாசகம்தான், எத்தனையோ பேருக்கு அடித்துக் கொடுத்தது. 'மேற்குறிப்பிட்ட நாட்டுடன் எனக்கோ என் குடும்பத்தாருக்கோ முன்பும் இப்போதும் எவ்விதத் தொடர்பும் இல்லை என உறுதியளிக்கிறேன்.'

மறுநாள் காலை ஹோட்டல் லாபியில் கிரேஸ் அதை இரண்டு தரம் வாசித்தாள். கலைஞர்கள் எதையும் வாசிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள் என்று நம்பித்தான் போயிருந்தேன்.

"குடும்பத்தாருக்கும் என்று போட்டிருக்கிறதே?" என்றாள்.

"அது சும்மா சம்பிரதாயம், மேடம்."

அவள் பேனாவை எடுக்கவில்லை. அவளுடைய தாத்தா வடக்கே பிறந்தவராம். யுத்தத்தின்போது மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்று ஒரு பையோடு தெற்கே வந்திருக்கிறார். அவருடைய தாயும் தங்கையும் அங்கேயே தங்கிவிட்டார்கள். எல்லை மூடிய பிறகு கடிதம்கூடக் கிடையாது. தெற்கே அந்த ஊர்ப் பெயரைச் சொல்வது ஆபத்து என்று, பதிவேட்டில் வேறு ஊரில் பிறந்ததாக எழுதிக்கொண்டாராம். நியூ ஜெர்ஸியில் சாகும்போது அந்த ஊர்ப் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

"எங்கள் வீட்டில் எந்தக் காகிதத்திலும் அந்த நாடு கிடையாது," என்றாள். "நீங்கள் போட்டது முழுத் தப்பும் இல்லை."

அப்படியானால் கையெழுத்துப் போட வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மனுஷனாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். நான் சொன்னது, "என் மகளுக்குப் பரீட்சை இருக்கிறது, மேடம்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உங்கள் ஊரைப் பற்றி இப்படி ஒரு கடிதம் கொடுத்தால் நீங்கள் கையெழுத்துப் போடுவீர்களா?"

"போடுவேன்," என்றேன். ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. யோசிக்காமல் சொன்னதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

கிரேஸ் கையெழுத்துப் போட்டாள். மூடியைப் போட்டுப் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, அந்தத் தப்பான விண்ணப்பத்தின் பிரதி இருக்கிறதா என்று கேட்டாள். ரத்தானவற்றை மெஷினில் போட்டுக் கிழித்துவிட வேண்டும் என்பது கம்பெனி விதி. என் ஃபைலில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். மேல் மூலையில் அவளுடைய போட்டோ, கீழே பெயர், அதற்கும் கீழே பிறந்த நாடு என்று நான் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்த மூன்று நல்ல வார்த்தைகள். அவள் அதை வாங்கி, நாலாக மடித்து, பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

நிகழ்ச்சி நடந்தது. கிடங்கு நிறைய ஆள். நிலோஃபர் முன்வரிசையில் நின்றிருந்தாள், நான் வாசலில் பட்டியலோடு. கிடங்கின் எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தத்தை மலையளவு பெரிதாக்கி கிரேஸ் ஒலிக்கவிட்டபோது பிள்ளைகள் கண்ணை மூடி ஆடினார்கள். எனக்குக் கை தானாகப் பெட்டிகளை எண்ணத் தொடங்கியது. திரும்பும் வழியில், லைஃப் சேஞ்சிங் என்றாள் மகள். அவளுடைய லைஃப் மாறாமல் இருக்க என்னவெல்லாம் நடந்தது என்பதை நான் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பகல் விமானத்துக்கு கிரேஸை நான்தான் ஏற்றிவிடப் போனேன். அவளுடைய மெஷின் பெட்டிகளை எடைத் தட்டில் வைத்துக்கொண்டு கவுண்டர் பக்கத்தில் நின்றேன். கவுண்டரில் இருந்த பிலிப்பினோப் பெண் பாஸ்போர்ட்டைத் திறந்ததும் மடித்த காகிதம் கீழே விழுந்தது. அவள் அதை எடுத்துப் பிரித்தாள். அந்தக் காகிதம் யார் கண்ணில் பட்டாலும் கேள்வி என்னிடம்தான் வரும்.

"இது உங்கள் விசாவா, மேடம்?" என்று கேட்டாள்.

"இல்லை," என்றாள் கிரேஸ். "ஃபேமிலி போட்டோ."

அந்தப் பெண் நல்ல பெண். சிரித்துவிட்டு, குடும்பத்தில் மற்றவர்கள் எங்கே என்று காகிதத்தை இன்னொரு தரம் பார்த்தாள். அதில் ஒரே ஒரு முகம்தான் இருந்தது.